கழித்த கைகள்

சரக்குக் கிடங்கில், அளக்கும் மேசைக்கு மேலே தொங்கிய கேமராவின் கண்ணில் முதல் நாளே யாரோ டேப் ஒட்டிவிட்டார்கள். பெட்டி ஒட்டுகிற அதே பழுப்பு டேப். அதைப் பிய்த்து எறிந்தவள் என் சித்தி. அம்மாவின் தங்கை, அந்தக் கிடங்கில் பதினாறு வருடமாகப் பெட்டி தூக்குகிறவள்.

"எங்க அக்கா பொண்ணு பண்ணின மெஷின் இது. பெட்டியை மட்டும்தான் பாக்குமாம். உங்க மூஞ்சியை எல்லாம் பாக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா?" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொன்னாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். டேப் விவகாரம் அத்தோடு முடிந்தது.

பெட்டியை மட்டும்தான் பார்க்கும் என்று அவளிடம் சொன்னவள் நான்.

உண்மையில் நான் பண்ணியது மெஷின் இல்லை, அதன் திரை. மேலிருக்கும் கேமரா, தனக்கும் கீழே உள்ள பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று புள்ளி புள்ளியாக அளந்து தரும். அந்தப் புள்ளிக் குவியலைப் பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. அதை நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களாக்கி, களைத்த கண்ணுக்கும் சட்டென்று தெரியும்படி காட்டுவது என் வேலை. பெட்டியைச் சுற்றி ஒரு நீலக் கோடு வரும். கணக்கு உறுதியாகும்வரை எண்கள் வெளிறியிருக்கும், உறுதியானதும் கறுத்துவிடும். அந்த நீலத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆனது. கிடங்கின் மஞ்சள் விளக்கில் மற்ற நீலமெல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. திரைக்குப் பின்னால் நடக்கும் கணக்கையெல்லாம் எழுதியவன் என் கணவன். ஒரே அலுவலகம், அடுத்தடுத்த நாற்காலி.

சிக்கல் சித்தியால்தான் வந்தது. மற்றவர்கள் பெட்டியை மேசையில் வைத்ததும் கையை எடுத்துவிடுவார்கள். சித்தியால் முடியாது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கினால் லேசில் நிமிராது. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு வருடமாக மறைத்து வந்தாள். எந்நேரமும் விசிலும் வாயுமாக அலைவதால் அவருக்கு 'விசில்' என்றே பெயர். அவர் கண்ணில்கூட மண்ணைத் தூவியாகிவிட்டது, கேமராவை ஏமாற்ற முடியவில்லை. அது சித்தியின் கைகளையும் பெட்டியோடு சேர்த்து அளந்தது. திரையில் பெட்டிக்கு இரண்டு கொம்பு முளைத்தது.

"ஏம்மா, உன் மெஷின் என்னையும் சேத்துப் பார்சல் பண்ணப் பாக்குதே?" என்று சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி விரல் விஷயத்தைச் சொன்னாள். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது கணவனிடம் சொன்னேன். "கையைத் தனியாப் பிரிச்சுக் கழிச்சிடு. அளக்கும்போது யாரும் கையை எடுக்கவே வேண்டாம்." ஏன் என்றும் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றேன்.

"நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்?" என்று தட்டைத் துடைத்தான்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினான் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சித்தி போன் செய்தாள். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு விசில் ஒரு பேப்பரைக் குடுத்துட்டான். படம் அனுப்பியிருக்கேன். என்னன்னு படிச்சுச் சொல்லு."

படத்தைப் பெரிதாக்கினேன். பெட்டி இல்லை. ஒரு கை மட்டும் இருந்தது, இரண்டு விரல்கள் கொக்கியாக மடங்கிய கை. அதைச் சுற்றி நீலக் கோடு, என் நீலம். பக்கத்தில் என் எழுத்துருவில், உறுதியாகிக் கறுத்த எண்கள். பெட்டியை விட்டு விலக எடுத்த நேரம் 4.1 நொடி. மற்றவர்கள் சராசரி 1.2.

கணவன் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன்.

"கையைக் கழிக்கச் சொன்னேனே?"

"கழிச்சேனே. பெட்டி அளவுல கை இல்லையே."

"கழிச்சதை எங்க போட்டே?"

அவன் போனைப் பார்த்தான், பிறகு தன் திரையைப் பார்த்தான். என்னை மட்டும் பார்க்கவில்லை. "சேமிச்சு வைக்கச் சொல்லிக் கிடங்குக்காரங்க கேட்டாங்க. அதுக்குத் தனியா ஒரு திரையும் வேணும்னாங்க. உன் ஃபைல்ல எல்லாம் ரெடியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"எப்போ?"

"மூணு மாசம் இருக்கும். பேரெல்லாம் போடல. வெறும் கைதான். எது யாரோட கைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த மூன்று மாதத்தில் சித்தி எங்கள் வீட்டுக்கு நான்கு முறை வந்திருந்தாள். ஒரு முறை தண்ணீர் பாட்டிலின் மூடியோடு அவள் மல்லுக்கு நிற்க, கேட்காமலே வாங்கித் திறந்து கொடுத்தவன் இவன். அந்த விரல்கள் யாருடையவை என்று தெரியாதாம். கத்தியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். நான் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முதுகில் குத்துவது என்று சும்மா ஒன்றும் சொல்லி வைக்கவில்லை, எனக்கு அங்கேதான் வலித்தது.

சித்தி தன் வீட்டுச் சமையலறை மேசை முன் உட்கார்ந்திருந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"எனக்குத் தெரியாது சித்தி. சத்தியமா."

"நீ சொன்னா நம்புவேன்" என்றாள். "ஆனா டேப்பைப் பிச்சவ நான். மத்த எட்டுப் பேரும் இன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. போகட்டும். விரல் விஷயத்தை உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"அவன்கிட்ட சொன்னேன். உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்..."

சித்தி என்னைத் திட்டியிருக்கலாம். டம்ளரில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தாள். வைத்த கை டம்ளரை விடவில்லை. அந்த இரண்டு விரல்களும் நிமிர மறுத்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்தே பழகிய கண். மனசுக்குள் நொடிகளை எண்ணுகிறேன் என்பதே மூன்று வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சித்தி என் கண்ணைப் பார்த்தாள். இடது கையால் அந்த விரல்களைப் பிரித்து எடுத்து, வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணியைக் குடி" என்றாள்.