பத்தில் ஏழு

வீங்கியிருந்த வலது காலில் வெள்ளைக் காலுறை ஏற மறுத்தது. றொசாந்தி முழந்தாளிட்டு, சவப்பெட்டிக்குள் கிடந்த தகப்பனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருந்த காலத்தில் கனிசியஸ் செருப்புக்கூட ஒழுங்காகப் போட்டதில்லை. குருநகர்க் கரை முழுக்க வெறுங்காலோடு திரிந்த மனுசனுக்கு இப்போது கோட்டும் காலுறையும். மூன்று மணிக்குக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தலைமாட்டில் தாய் பெர்னடெட் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கட்டியிலை துண்டு எடுத்துச் சோதிச்சுப் பாத்துத்தான் டொக்டர் சொன்னவர். உந்தப் புது மருந்து ஏத்தினா பத்துப் பேரிலை ஏழு பேருக்குச் சுகம் வருமாம். ஏழு பேருக்கு! என்ரை மனுசன் மட்டும் என்ன பாவம் செய்தது?"

றொசாந்தியின் கை நின்றது. டொக்டர் சொன்னது நாலு.

சலப்பையில், சிறுநீர் தேங்கும் பையில், வந்த புற்றுநோய். சலப்பையை வெட்டி எடுக்கிற ஒப்பரேசனைக் கனிசியஸின் இதயம் தாங்காது. மிச்சம் இருந்தது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும் அந்த மருந்துதான். சோதனை அறிக்கையை விரித்து, இப்படி அறிக்கை வந்த பத்துப் பேரில் நாலு பேருக்கு அது வேலை செய்யலாம், இவர் அந்த நாலு பேரில் ஒருவரா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். வெளியே வந்தபோது வாங்கில் உட்கார்ந்திருந்த அப்பாவும் அம்மாவும் அவளுடைய முகத்தையே பார்த்தார்கள். நாலு என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏழு பேருக்குச் சுகம் வருமாம், அப்பா."

"பத்துப் படகு போய் ஏழுக்கு மீன் பட்டா நல்ல கடல்தானே," என்று கனிசியஸ் சிரித்தார். கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டார். "நான் எந்தப் படகு, பிள்ளை?"

நாலாம் தரம் மருந்து ஏற்றியபின் எடுத்த படத்தில் கட்டி பெருத்திருந்தது. சிலருக்கு முதலில் பெருத்துப் பிறகு வற்றும், பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பொறுத்தார்கள். சலம் சிவப்பாகவே போனது.

"நான்தான் காரணம், திரேசா," பெர்னடெட் பெட்டியருகே வந்திருந்த அயல்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய வெள்ளியண்டு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. காத்து எழும்புது, போட்ட வலை போயிடுமெண்டு நான்தான் இவரைத் துரத்தினனான். ஆண்டவர் அதை மறக்கேல்லை. இல்லாட்டி இவர் ஏன் அந்த மூண்டு பேருக்குள்ளை விழவேணும்?"

அது நடந்து இருபத்திரண்டு வருசம். அம்மா ஒரு நாளும் அதை வாய்திறந்து சொன்னதில்லை. றொசாந்தி வலது காலுறையை ஒரே இழுப்பில் குதிக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டாள். அப்பாவுக்காகச் சொன்ன பொய் அப்பாவோடேயே போய்விடும் என்றல்லவா நினைத்திருந்தாள்!

எழுந்து போய்த் தாயின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, ஏழில்லை. டொக்டர் நாலெண்டுதான் சொன்னவர். கனபேருக்கு உந்த மருந்து வேலை செய்யிறேல்லை. அப்பாவுக்கும் செய்யேல்லை, அவ்வளவுதான். நான்தான் கூட்டிச் சொன்னனான்."

பெர்னடெட் மகளை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய கன்னத்தைத் தடவினாள்.

"என்னைத் தேத்துறதுக்காக அப்பாவுக்கு முன்னாலை நிண்டு பொய் சொல்லாதை, பிள்ளை."

"சத்தியமா, அம்மா..."

"காணும், விடு. போய் மற்றக் காலுக்கும் போடு."

தாய் செபமாலையை எடுத்துக்கொண்டாள். றொசாந்தி திரும்பவும் கால்மாட்டில் குந்தினாள். இடது கால் வலதைவிடக் கூடுதலாக வீங்கியிருந்தது.