அழகம்மாளின் இருபத்திரண்டு ஆண்டு சீனியாரிட்டி

அழகம்மாள் தன் பதினெட்டாம் வயதில் கொச்சி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் வரிசையில் பெற்ற இடம் பறிபோகும். ஏழு முறை புதுப்பித்தாள்; ஒருமுறைகூடத் தவறவில்லை. இதற்கிடையே மசாலாக் கிடங்குகளில் கூலிக்குச் சுக்கு பொறுக்கினாள், சிஜுவை மணந்தாள், கடந்த ஆறு ஆண்டுகளாக மட்டாஞ்சேரிப் படகுத்துறை அருகே தள்ளுவண்டியில் இட்லி விற்று வந்தாள். ஆயினும், சர்க்கார் வேலை கிடைக்கும்வரை தனக்கு வேலையே இல்லை என்பது அவளுடைய உறுதியான எண்ணம்.

நாற்பதாம் வயதில் கடிதம் வந்தது. வெலிங்டன் தீவில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் பணி. காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை. நூற்றெழுபத்தொன்பது நாட்கள் மட்டும். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

"இட்லி விக்கிற நேரமாச்சே அது," என்றான் சிஜு. "ஆறு மாசம் கழிச்சு வந்தா நம்ம ஆளுங்க வேற கடைக்குப் போயிருப்பாங்க."

"அப்ப இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தது வெறுதேயா, எல்லாம் வீணா?"

"கேளு. ஒரு ஆடு பூட்டின கிடங்கு வாசல்ல நின்னு கதவையே பாத்துட்டிருந்துச்சாம். பின்னால மூட்டை கிழிஞ்சு அரிசி கொட்டிக் கிடந்துச்சு. திரும்பியே பாக்கல."

"அந்த ஆட்டுக்கு சீனியாரிட்டி இருந்துச்சா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள் அழகம்மாள்.

நேர்காணல் நாளன்று வண்டியைச் சிஜுவிடம் ஒப்படைத்துவிட்டுப் படகேறினாள். அலுவலக வராந்தா பெஞ்சில் நான்கு பெண்கள் முன்பே வந்து அமர்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் பெயர் வீரலட்சுமி. அவள் இறால் உரித்துவந்த கொட்டகை மூடி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"எனக்கு ரெண்டாம் நம்பர் அக்கா," என்றாள் வீரலட்சுமி தாழ்ந்த குரலில். "ஒண்ணாம் நம்பர்காரி வராம இருக்கணும்னு படகுலயே வேண்டிக்கிட்டேன். பாவந்தானே?"

"யாருக்குத்தான் தோணாது," என்றாள் அழகம்மாள். அந்த முதல் பெயர் தன்னுடையது என்பதை மறைத்து, கையிலிருந்த கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள்.

உள்ளே அழைத்தார்கள். அதிகாரி ஒரு மலையாளப் பெண்மணி, தமிழும் அறிந்தவர். "சேச்சி, இப்ப எந்தா பணி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா இருக்கேன்."

சாயா கொண்டுவந்த கடைநிலை ஊழியர் முகமது இஸ்மாயில் திகைத்து நின்றுவிட்டார். அவர் நாள்தோறும் மட்டாஞ்சேரியிலிருந்து படகில் வருபவர்.

"சும்மாவா? மேடம், இவங்க சும்மா இருந்தா எங்க படகே பட்டினி! இன்னைக்கு இவங்க சேட்டன் சிஜு அவிச்ச இட்லிய வச்சு கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பட்டியலைப் பார்த்தபடி, "இருபத்திரண்டு வருஷமா நகரத்துல வேலையில்லாதவங்க கணக்குல உங்க பேரும் ஏறிட்டே வருது சேச்சி," என்றார்.

விடியுமுன் அடுப்பு மூட்டுவதும், ஆறரை மணிப் படகு வருமுன் முப்பது பொட்டலம் கட்டுவதும் வேலையன்றி வேறென்ன என்று அழகம்மாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். வெளியே பெஞ்சில் இருந்த வீரலட்சுமி வேலையில்லாமல் கழித்த எட்டு மாதங்களும் நினைவுக்கு வந்தன.

"நான் வேண்டாம்னா, அடுத்த ஆளுக்குத்தானே மேடம்?"

"ஆமா. ஆனா காரணம் எழுதித் தரணும். போன சீனியாரிட்டி திரும்ப வராது, ஆலோசிச்சுக்கோங்க."

தாள் கொடுத்தார்கள். அவளுக்கு எழுத வருவது மலையாளந்தான். தேதியும் பெயரும் விரைவாக எழுதினாள்; காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, 'எனக்கு வேலை இருக்கிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் வீரலட்சுமி பதறி எழுந்தாள். "என்னக்கா, ஒண்ணாம் நம்பர்காரி வந்துட்டாளா?"

"வந்தா. அவளுக்கு வேற வேலை இருக்காம், போறா. உன்னக் கூப்பிடப் போறாங்க, முகத்தத் துடைச்சுக்கிட்டு உள்ள போ."

உள்ளிருந்து இஸ்மாயில் வீரலட்சுமியின் பெயரை அழைப்பது கேட்டது. அழகம்மாள் படகுத்துறையை நோக்கி வேகமாக நடந்தாள்; மறுநாளைக்கு அரிசி ஊறப்போட வேண்டியிருந்தது.