எடுத்துக் காட்டிய கொட்டகை

பினாயில் அத்தைக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு பொட்டுக் கறை கண்ணில் பட்டால் போதும், மூட்டை மொத்தமும் திரும்ப மெஷினுக்குப் போகும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கை சும்மா இருக்குமா? மகனும் மருமகளும் வாடகைக்கு எடுத்திருந்த சின்ன வீட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தரையிலிருந்த பூவேலை பாதி அழிந்துபோயிற்று. கூடத்து சோபாதான் அவருக்குப் படுக்கை. தனக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அத்தைக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் வாய்விட்டுக் கேட்டால் பிள்ளைகள் மனம் கஷ்டப்படுமே என்று மூச்சுவிடாமல் இருந்தார்.

ஊருக்கு வெளியே அவர்களுக்குத் துண்டு நிலம் ஒன்று இருந்தது. புல்வெளி, பின்னால் குன்று, கண்ணுக்குக் குளிர்ச்சி. வம்பே அந்தக் குளிர்ச்சியால்தான். அது பாதுகாக்கப்பட்ட பசுமைப் பகுதி. புதிதாக ஒரு செங்கல் வைக்க முடியாது. சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. ஏற்கெனவே நிற்கிற கட்டடத்துக்குப் பதிலாக, அதே நீள அகல உயரத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். நிலத்தில் துருப்பிடித்த தகரமும் தொங்கிய கதவுமாக ஒரு கொட்டகை நின்றது. அந்த அவலட்சணத்தை நம்பித்தான் விண்ணப்பமே போட்டிருந்தார்கள்.

இந்தச் சட்டதிட்டமெல்லாம் அத்தையின் காதுவரை வரவில்லை. கொட்டகை போய் வீடு வரும் என்பது மட்டும் தெரியும். அதிகாரி வரும் நாள் நெருங்கியதும் மகன் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"ஆபீசர் வர்றப்போ அந்தக் கொட்டகையை நல்லா எடுத்துக் காட்டணும்மா. அதுலதான் எல்லாமே இருக்கு."

எடுக்கணும் என்று சொன்ன பிறகு அத்தை சும்மா இருப்பாரா? மகன் கணக்கு எழுதவும் மருமகள் பஸ் ஓட்டவும் போயிருந்த நேரத்தில் பழைய இரும்புக்காரரை ஆளோடு நிலத்துக்குக் கூட்டிப்போனார். தகரம் போயிற்று, மரம் போயிற்று, கதவு போயிற்று. அடித்தளக் கல்லை மட்டும் பெயர்க்க முடியவில்லை. விடுவாரா, அதையும் பிரஷ் போட்டுக் கழுவினார். பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை எல்லோரும் நிலத்துக்கு வந்ததும் ஆச்சரியம் நன்றாகவே வேலை செய்தது. மகன் வெறும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். மருமகள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன் சொன்னது சுட்டிக்காட்டத்தான், கொட்டகை இல்லாவிட்டால் வீடும் இல்லை என்று அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் அழுக்கையெல்லாம் எடுத்த கை, பிள்ளைகளின் வீட்டையும் சேர்த்து எடுத்துவிட்டதே என்று கண் கலங்கினார்.

சற்று நேரத்தில் வந்த அதிகாரி கறாரான பெண்மணி. கல்லை அளந்து நீள அகலத்தை எழுதிக்கொண்டார். ஆனால் அடித்தளம் மட்டும் கட்டடமாகாது, நேற்றுவரை அதன்மேல் கொட்டகை நின்றதற்கும் அது இருந்த உயரத்துக்கும் வெளியாள் சாட்சி வேண்டும் என்றார். சுற்றுவட்டாரத்தில் வெளியாள் என்றால் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் பெயரே மனுக்காரர். வாசலில் சைக்கிள் நின்றால் ஒரு மனு, நாய் குரைத்தால் ஒரு மனு. இவர்கள் வீடு கட்டுவதற்கு எதிர்ப்பு மனு போட்ட ஒரே மனிதரும் அவரே. இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது.

மனுக்காரர் தன் வீட்டு ஜன்னலில் நின்று குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குடிவந்த நாளாய் அன்றுதான் அது முழுசாகத் தெரிகிறது. அதிகாரி கேட்டதும் அவர் முகம் வாடியது.

"பொய் சொல்ல வராது மேடம்," என்றார் கடைசியில். "நின்னுச்சு. நேத்து மத்தியானம் வரைக்கும் என் உயிரை வாங்குச்சு."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குறை சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. காற்றடித்தால் தகரம் போட்ட சத்தம், கதவு ஆடிய ஆட்டம், எல்லாம் வந்தது. குன்றை அது எதுவரை மறைத்தது என்று கண்ணாடியில் விரலால் கோடே போட்டுக் காட்டினார். அதிகாரி ஆளை விட்டு அடித்தளக் கல்மேல் அந்தக் கோட்டுக்குச் சரியாகக் கம்பு நிறுத்தி உயரத்தை அளந்தார். எதிர்த்தவரே சாட்சி, இதற்குமேல் என்ன வேண்டும் என்று சிரித்தார். அந்த உயரத்துக்கு மாடியில் ஓர் அறையே வரும், அனுமதி கொடுக்க எழுதிவிடுகிறேன் என்றார்.

மகனும் மருமகளும் துள்ளினார்கள். அத்தை ஜன்னலையே பார்த்தார். எவ்வளவு அழகான குன்று! பாவம், ஒரே நாள்தான் பார்த்தார் மனுஷன். அத்தை அதிகாரியிடம் திரும்பினார்.

"ஏம்மா, வீட்டைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக் கட்டக் கூடாதா? இவருக்கு மறைக்குமே."

அளவு மாறாமல் நிலத்துக்குள்ளேயே நகர்த்தினால் தடையில்லை என்றார் அதிகாரி. மனுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"கூரை நீலக் கலரா இருந்தா மனு போடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"போடுங்க சார். உங்க ஜன்னல் கண்ணாடி இப்படியே அழுக்கா இருந்தா நானும் போடுவேன்," என்றார் அத்தை. "மாடியில என் ரூம்லேர்ந்து பார்த்தா நல்லாத் தெரியும்."

என் ரூம் என்று அவர் சொல்லி மகன் கேட்டதே இல்லை. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் வீட்டுக்குப் பிளான் வரைபவருக்குப் போன் போட்டு, மாடி அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.