காரம் குறைத்த வீடு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு வார இதழின் மகளிர் பக்கத்துக்கு, புற்றுநோய் வராமல் காக்கும் சமையல் பற்றிப் பத்துக் குறிப்புகள் கேட்டிருந்தார்கள். 1996 பிப்ரவரி. சிங்காநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி எதையாவது எழுதி அனுப்புகிறவள் நான். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீர்கள். கீரை, கேரட், ராகி சேருங்கள். காரத்தைக் குறையுங்கள். (காரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பத்து வர வேண்டும்.) ஒன்பதாவது: புகையிலையை விடுங்கள்.

அதை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய், என் கணவரின் டிபன் கேரியரில் வெற்றிலை, பாக்கு, போயிலைப் பொட்டலத்தை வைத்து மூடினேன். பத்தாவது குறிப்பு வரவேயில்லை.

2

பத்தாவது குறிப்புக்குப் பதில் ஒரு கதை வந்தது. அதன் முதல் தொடக்கம்: ‘பூவாத்தாளின் கணவன் பஞ்சாலைத் தொழிலாளி. குடிக்க மாட்டான், பீடி பிடிக்க மாட்டான்…’

அடித்துவிட்டேன். பீடி பிடிக்காதது ஒழுக்கத்தால் அல்ல. பஞ்சு பறக்கிற இடம் என்பதால் மில் கேட்டிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே மில்லில் போயிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். பக்கத்து மெஷின்காரருக்கும் ஒரு துண்டு நீட்டுவார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘பதினொரு வருடமாகப் பூவாத்தாள் தன் கையாலேயே…’

வேண்டாம். பூவாத்தாளை நீக்கிவிடுகிறேன். ஒரு கையால் கேரட் துருவி, மறு கையால் போயிலை மடித்துக் கொடுக்கும் பெண்ணை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவள் நான்தான். மதிவதனி. அவர் சுப்பையன்.

3

பொங்கலுக்கு முன்பிருந்தே அவர் காரம் கேட்பதை விட்டிருந்தார். ரசத்தில் மிளகைக்கூடக் குறைக்கச் சொன்னார். என் பிரசாரம் பலித்துவிட்டதென்று பூரித்துப்போய், ‘எங்கள் வீட்டில் மாறிவிட்டார்கள்’ என்று குறிப்பில் சேர்த்தேன். நேற்றுக் காலை, ராகிக் கஞ்சி ஆறட்டும் என்று தள்ளி வைத்தார். காரம் மட்டுமல்ல, சூடும் ஆகவில்லை.

“ஏனுங்க, வாசலுக்கு வந்து வாயைத் தொறங்க.”

“என்னத்துக்கு அம்மணி?”

“வெளிச்சத்துல பாக்கோணுங்க.”

“சுண்ணாம்பு சுட்டிருக்கும், வேறொண்ணுமில்ல.”

“எத்தன நாளா எரியுது?”

“ரெண்டு மாசமிருக்கும். நீதான் காரமில்லாம ஆக்கிப்போடறயே. அதான் பேசாம இருந்துபோட்டேன்.”

இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தடிப்பு, நடுவே சிவந்த புண். ஐம்பது காசு அகலம். (இருபத்தைந்து காசு என்று திருத்திப் பார்த்தேன். இல்லை, ஐம்பதுதான்.)

என் சமையல் அவரைக் காக்கவில்லை. புண்ணை மறைத்து வைக்கத்தான் உதவியிருக்கிறது. இந்த வரியை மட்டும் அடிக்கவில்லை.

4

நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கன்னத்தில் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் திங்கட்கிழமை. அது எப்படி வந்தாலும் போயிலையை இன்றோடு விட வேண்டும் என்றார் டாக்டர்.

முடிவு, அ: டாக்டர் சிரித்தபடி, சுண்ணாம்புப் புண்தான் என்று…

முடிவு, ஆ: டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு…

இரண்டையும் முடிக்க முடியவில்லை. ‘ஆ’வை எழுதினால் பலித்துவிடும் என்று பயம். ‘அ’வை எழுதினால் கடவுள் பார்த்துக் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். படித்தவள்தான் நான், இருந்தாலும் பயம்.

5

இன்று காலை முதல் முறையாகப் பொட்டலம் வைக்கவில்லை.

“வெச்சுட்டியா அம்மணி?”

“இல்லீங்க.”

“செரி, பாக்கலாம்,” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் கேரியரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார்.

இப்போது மணி பன்னிரண்டு. அரை மணியில் கேரியரைத் திறப்பார். தயிர்ச்சோறும் கேரட் பொரியலும் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து மெஷின்காரர் வழக்கம்போல ஒரு துண்டு நீட்டுவார். நான் வீட்டில் இருக்கிறேன். அங்கே எட்டிப் பிடிக்க எனக்குக் கை இல்லை.

ரிப்போர்ட்டை யாராலும் மாற்றி எழுத முடியாது. இந்தப் பன்னிரண்டரை மணியை மட்டும் உங்களிடம் விடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரைக் கையை நீட்ட விடாதீர்கள்.