காபித் தாளில் வடித்தது

காலை பத்து மணி நாற்பது. பதினொன்றுக்கு ஒயின் சுவைக்க வருபவர்களின் பேருந்து வந்துவிடும்.

மேலாளர் தியோத்தோனியு மேசைமேல் ஒரு பாட்டிலை வைத்தார். அடியில் நான்கு விரற்கடை மிச்சம். கலங்கிக் கிடந்தது. முந்தின நாள் வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் திறந்த போர்ட் என்னும் போர்ச்சுகல் இனிப்பு ஒயின். 2011 அறுவடை.

"காபி வடிக்கிற தாள்ல இதை வடிச்சு ஆளுக்கு ஒரு வாய் ஊத்து. எங்க பெரிய ஒயின்னு சொல்லு. சந்தோஷப்படுவாங்க."

"அது அடிவண்டல் சார். தாள்ல வடிச்சா தாள் வாசனைதான் வரும்."

"வர்றது என்ன மகாராணியா? புதுசா குடிக்கிறவங்கம்மா. ஒண்ணும் தெரியாது."

"குடிக்கத்தான் புதுசு."

அவர் லுதோவினாவைப் பார்த்தார். விருந்தினருக்கு ஒயின் ஊற்றித் தரும் அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தரம் செய்யும் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"சாயங்காலம் போடலாம்னு இருக்கேன்" என்று பையைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அவள் சொன்னபடி செய்தாள். தாளில் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பாதிக் கோப்பை சேர்ந்தது. அதைத் தனியாக வைத்தாள். பிறகு கிடங்குக்குள் போனாள்.

மூலையில் இன்னொரு 2011 நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் காலையிலேயே அவள் எடுத்து நிறுத்தியது. பக்கவாட்டில் வெள்ளைச் சுண்ணக் கோடு. பத்து வருடமாக அந்தக் கோடு மேலே பார்க்கப் படுத்திருந்த பாட்டில். வண்டல் எதிர்ப் பக்கம் ஒட்டியிருந்தது. இப்போது எல்லாம் அடிக்கு இறங்கியிருந்தது. அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் இதே கம்பெனியின் தோட்டத்தில் பழம் பறித்து, கல்தொட்டியில் காலால் மிதிப்பவர்கள். நல்ல செருப்பு போட்டு வந்திருந்தார்கள். மூத்தவள் எர்மெலிந்தா கையில் ஒரு துணிப்பை.

"வெளிச் சாப்பாடு கூடாதுன்னு போர்டு இருக்கே கண்ணு. ஆட்டுப்பால் சீஸும் வாதுமையும் கொண்டாந்துட்டோம். பஸ்ஸுல வெச்சிடவா?"

லுதோவினா போர்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"பிரிங்கக்கா."

முதலில் ரூபி என்ற சிவப்பு வகையை ஊற்றினாள். "இது சின்ன வயசு. பழ வாசனை தூக்கலா இருக்கும். யோசிக்காம குடிக்கலாம்." அடுத்தது டானி என்ற வகை. "இது பீப்பாய்லயே பத்து வருஷம் கிடந்து நிறம் வெளுத்தது. உங்க வாதுமையைக் கடிச்சிட்டுக் குடிச்சுப் பாருங்க."

"அடியாத்தீ, வாதுமையே இனிக்குதே" என்றாள் ஒருத்தி.

"உனக்கு ஓசில கிடைச்சா வேப்பங்காயும் இனிக்கும்" என்றாள் எர்மெலிந்தா.

சிரிப்பு அடங்கும்வரை லுதோவினா காத்திருந்தாள். பிறகு மெழுகுவத்தி ஏற்றினாள். நின்ற பாட்டிலை அசங்காமல் திறந்தாள். கண்ணாடிக் குடுவையின் வாயில் புனல், புனலில் துவைத்த மெல்லிய துணி. பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் சுடர் தெரிய, மெல்லச் சாய்த்தாள். ஒயின் தெளிவாக இறங்கியது. கழுத்தில் கருப்பாக ஒரு இழை எட்டிப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"மிச்சத்தை ஏன் ஊத்தலை?" என்றாள் ஒருத்தி.

"அது வண்டல்க்கா. உங்களுக்கு இல்லை."

ஒன்பது கோப்பைகள் நிறைந்தன. எர்மெலிந்தா முகர்ந்தாள். குடித்தாள். சீஸைக் கடித்து மறுபடியும் குடித்தாள்.

"எந்த வருஷம்?"

"பதினொண்ணு."

"அந்த வருஷம் ஒரு மாசம் காலு ஊதாவா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரன் பக்கத்துல படுக்கமாட்டேன்னுட்டான்." யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இதையா மிதிச்சோம்? இத்தனை வருஷத்துல ஒரு ஆளு சொல்லலையே."

கதவு திறந்தது. தியோத்தோனியு குடுவையைப் பார்த்தார். பாட்டிலில் இருந்த வெள்ளைச் சுண்ணக் கோட்டைப் பார்த்தார். திருப்பி வைத்த போர்டைப் பார்த்தார்.

"இதைத் திறக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார். நானேதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னதையும் செஞ்சிருக்கேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார். கிழிக்கவில்லை. ஒன்பது பெண்களும் கோப்பையைக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எர்மெலிந்தா பெஞ்சில் நகர்ந்து அவர் உட்கார இடம் விட்டாள்.

லுதோவினா காபித் தாளில் வடித்துத் தனியாக வைத்திருந்த பாதிக் கோப்பையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இவங்களுக்குக் குடுக்கச் சொன்னது இதுதான் சார். இவங்க முன்னாடியே ஒரு வாய் குடிச்சுக் காட்டறீங்களா?"