நீலத் தகரக் கதவுக்கு முன்னால் தனலெட்சுமி

2025 ஓகஸ்ட் 13, புதன். பதுளை.

சிறிய பிழை ஒன்று நடந்துவிட்டது. படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்தபோது அது எதற்கென்று நான் சொல்லவில்லை.

[‘நடந்துவிட்டது’ என்று எழுதியது சரியில்லை. நான் செய்தேன். அழிக்காமல் அப்படியே விடுகிறேன். இன்னும் பல வரிகளை இப்படி விடவேண்டி வரும் என்று நினைக்கிறேன்.]

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத் தொடங்கியது. பகலில் பசாரில் அப்பாவின் புடவைக்கடையில் நிற்கிறேன். மாலையில் படப்பிடிப்பு வகுப்புக்குப் போகிறேன். புவாத் சேர் இந்த மாதம் தந்த வேலை: தெருவில் சாதாரணமாகப் போய்வருகிற ஒருவரை, கலரில், நேராக முகம் பார்த்து எடுக்க வேண்டும். முதலில் கேட்க வேண்டும். பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்ததை அவருக்குக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில், படத்துக்குக் கீழே அதன் கதையையும் எழுதி ஒட்ட வேண்டும்.

கேட்டேன், எழுதினேன், காட்டினேன். இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன். தனலெட்சுமியம்மாவுக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பஸ் நிலையத்துக்கு எதிரே, பூட்டிய கடையின் நீலத் தகரக் கதவுக்கு முன்னால், மஞ்சள் சேலையில் ஒரு பெண் பூவைப் போல’ —

பூவைப் போல அவர் நிற்கவில்லை. கண் கிளினிக்குக்கு வந்துவிட்டு, ஹல்துமுல்லைப் பக்கம் போகிற பஸ்ஸைக் காணாமல், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது முயற்சி: ‘தேயிலை மலைகளின் துயரம் முழுவதும் தேங்கிய அந்தக் கண்கள்’ —

அந்தக் கண்களில் தேங்கியிருந்தது கிளினிக்கில் விட்ட சொட்டு மருந்து.

மூன்றாவதாக, பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

“அம்மா, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?”

“என்னயவா? எதுக்கு?”

“வகுப்புக்கு. கலர் நல்லா இருக்கு. உங்க சேலையும் அந்தக் கதவும்.”

“கதவு நல்லாருந்தா கதவ எடு புள்ள.”

சொல்லிவிட்டுத் தலைமுடியை ஒதுக்கினார். “சிரிக்கணுமா?”

“உங்க இஷ்டம்.”

“அப்ப சும்மா நிக்கிறேன். சிரிச்சா பல்லு தெரியும்.”

சும்மா நின்றார். கமராவின் திரையில் படத்தைக் காட்டியபோது, கண்ணைச் சுருக்கிக் கிட்டவாகப் பார்த்தார். “அட, எங்க தயானி மாதிரியில்ல இருக்கேன்.” தயானி அவருடைய மகள். குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தனக்கும் ஒரு படம் வேண்டும் என்று கேட்டு, மகன் நிமலனின் போன் நம்பரைச் சொன்னார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

3

புவாத் சேரின் பாடப்படி, நல்ல முகப்படத்துக்குப் பின்னணி எளிமையாக இருக்க வேண்டும், முகம் அமைதியாக இருக்க வேண்டும், கண் நேராகப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊரில் இந்த இலக்கணத்தில் பெரிதாகப் போடும் படம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கடையில் அப்பாவின் தலைக்கு மேலே பெரியப்பா அப்படித்தான் இருக்கிறார். தோட்டத்து லயங்களின் வரிசை வீடுகளிலும், கல்யாணப் படத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், பள்ளிக்கூடப் படத்தில் ஒரு வகுப்பே இருக்கும். தனியாக ஒரு முகம் சுவருக்கு வருவது அந்த ஆள் போன பிறகுதான். தினமும் பெரியப்பாவுக்கு ஊதுபத்தி கொளுத்துகிறவள் நான். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டூடியோவில் றுஷ்தி நானாவிடம் நான் சொன்னது: “பெரிசா போடுங்க நானா. மொகம் நல்லா தெரியணும். கீழ பேரு.”

அவர் குரலைத் தாழ்த்தி, “நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம் தங்கச்சி, நான் பாத்துச் செய்றன்” என்றார். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

பார்த்துத்தான் செய்திருந்தார். நீலக் கதவை வெட்டி எடுத்துவிட்டு வெள்ளை மேகம் வைத்திருந்தார். கழுத்தில் ரோஜா மாலை. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. கீழே, பொன் எழுத்தில், தனலெட்சுமி. மை காய்வதற்காகத் தெருவைப் பார்த்த கண்ணாடி அலுமாரியில் நிறுத்தியிருந்தார். கடையில் ஆடிக் கழிவு விற்பனைக் கூட்டம், நான் அதை எடுக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமை, தனலெட்சுமியம்மாவின் தோட்டத்து ஆள் ஒருவர், ஊர்ப்பக்கம் போய் நாளானவர், அந்த வழியாகப் போயிருக்கிறார். கண்ணாடியோடு சேர்த்துப் போனில் படம் பிடித்து, ‘அம்மாவின் ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று எழுதித் தயானிக்கு அனுப்பிவிட்டார்.

“நீங்க சொல்லல்லயே தங்கச்சி” என்றார் றுஷ்தி நானா. முகம் வெளுத்திருந்தது. “மாலைய நான் ஒங்களுக்காக சும்மா போட்டுத் தந்தன்.”

4

திங்கட்கிழமை நிமலன் எங்கள் கடைக்கு வந்தார். ஸ்டூடியோவில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“நீங்கதானா எங்கம்மாவ சாகடிச்ச ஆளு?”

அப்பா துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அது தனக்குத் தேவையில்லை என்பதுபோல் அவர் போனை நீட்டினார். தயானி வெள்ளிக்கிழமை பதிந்து அனுப்பிய குரல். அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அண்ணே, அம்மா நல்லாருக்குன்னு சொல்லாத. அப்பா செத்தப்பவும் இதத்தான் சொன்ன. சித்தப்பாவ அப்பா மாதிரி பேச வச்சு அனுப்பின, நானும் நம்பினேன். இப்ப பெரியம்மாவ பேச வைக்காத. பழைய படம் அனுப்பாத. வார வெள்ளிக்கிழம போன் குடுப்பாங்க. அன்னிக்கு நெசம் தெரியணும். இல்லாட்டி நான் கதவத் தொறந்துக்கிட்டு போயிருவேன்.”

“போனா என்ன ஆகும்?” என்று நிமலனிடம் கேட்டேன்.

“பாஸ்போட்டு அந்த வீட்டுக்காரங்க கையில. ரோட்டுல புடிச்சா உள்ள போட்டுருவாங்க. வரவும் ஏலாது, இருக்கவும் ஏலாது.” போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, “அப்பா விசயத்துல நாங்க செஞ்சது தப்புத்தாங்க. ஒப்பந்தம் முடியிற வரைக்கும் சொல்ல வேணாம்னு பெரியவங்க சொன்னாங்க. எல்லா லயத்துலயும் அப்படித்தானே செய்யிறாங்க” என்றார்.*

* வீடியோ அனுப்பலாமே, நேரே பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வகுப்பிலும் கேட்டார்கள். அப்பா செத்தது தெரிந்த பிறகு தயானி அழுதுகொண்டே இருந்ததால், வேலை கெடுகிறது என்று கோல் பேசுவதை அந்த வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் மெசேஜ் மட்டும். அந்தப் பழைய போனில் வீடியோ திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். படம் வரும். ஆகவே ஒரு படம்தான் போக வேண்டும். பழையதாக இருக்கவே முடியாத ஒரு படம்.

5

அப்படி ஒரு படம் எது என்று இரண்டு நாள் யோசித்தேன். தேதி போட்ட பத்திரிகையைக் கையில் கொடுக்கலாம். அந்தப் பழைய போனில் தேதி எழுத்து தெளிவாகத் தெரியுமா? கடைசியில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த மாலை போட்ட படத்தையே தனலெட்சுமியம்மா கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் படம் பழையது என்றால், அதைப் பிடித்திருப்பவர் அதற்குப் பிறகும் இருக்கிறார்.

இங்கே ஒரு சந்தேகம். மாலையை ஒட்ட முடிந்த கடையில் கையையும் ஒட்டலாம். தயானிக்கு அது தோன்றினால்? [பதில் இருப்பதுபோல் ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.]

6

என் முதல் பிரதியில் தனலெட்சுமி என்ற பாத்திரம் அழுதுகொண்டே இருந்தார். செய்தி கேட்டு வாசலில் சரிந்தார். ‘ஐயோ என் மகளே’ என்று —

இன்று மத்தியானம் பேசினேன். லயத்தில் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த் தாங்கி வளைவுக்கு நிமலன் அவரைக் கூட்டிப் போயிருந்தார். காற்று போனில் இரைந்தது.

“நாந்தான் புள்ள, செத்துப்போன தனலெட்சுமி பேசுறேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போனா எல்லாரும் எங் காலத்தான் பாக்குறாங்க, தரையில படுதான்னு. கங்காணி கேக்குறான், பேர வெட்டிறவா, நிக்கிறியான்னு.”

“மன்னிச்சிருங்கம்மா.”

“மன்னிப்ப வையி. எம் புள்ளைய அந்த வீட்ட விட்டு எறங்காம நிறுத்து. அதுக்கு வழி சொல்லு.”

வழியைச் சொன்னேன். பிறகு அவர் குரலில் பகிடி இல்லை.

“எம் படத்த நானே மாலையோட தூக்கிக்கிட்டு நிக்கவா? கடக்காரரு தெரியாம போட்டாரு. தெரிஞ்சு நானே எடுத்தா அது வேற. எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல. நான் போயிட்டா அவளுக்கு வர்றதுக்கு ஒரு வீடு இருக்கா?”

“நீங்க பக்கத்துல நின்னா போதும். படத்த நிமலன் புடிக்கட்டும்.”

“பெத்தவ உசிரோட நிக்கையில மவன் மாலப் படம் புடிப்பானா? நீயி வேற.” பின்னால் நிமலன் “என்னால ஏலாதுங்க” என்று சொல்வது கேட்டது.

“அப்படின்னா…”

“மாலைய எடுத்துட்டுக் கொண்டா. புடிக்கிறேன்.”

மாலையை றுஷ்தி நானா ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். எடுத்தால் அது வெறும் படம். தயானிக்கு வந்தது மாலை போட்டது. அதுதான் அவள் கண்ணில் நிற்கிறது. இதையும் சொன்னேன்.

“அப்ப நேர்ல வா. போன்ல நான் சரின்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

அழுகிற தனலெட்சுமியை இந்தக் கதையிலிருந்து நீக்குகிறேன். அவர் நான் எழுதிக்கொண்டது. இவரை என்னால் எழுத முடியவில்லை; இவர் சொன்னதை எழுதிக்கொள்கிறேன்.

7

இன்று வகுப்பில் இதுவரை எழுதியதை வாசித்தேன். முடிவு எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இரண்டு இருந்தன.

முதலாவதில், அவர் மாலைப் படத்தை வாங்கிச் சிரித்துக்கொண்டே பிடிக்கிறார். பல் தெரிகிறது. வகுப்புக்கு இது மிகவும் பிடித்தது. எனக்குச் சுலபமாக இருப்பதால்தான் அது என் கைக்கு முதலில் வந்தது என்று சந்தேகப்படுகிறேன்.

இரண்டாவதில், அவர் மறுக்கிறார், நான் திரும்பி வருகிறேன், வெள்ளிக்கிழமை ஒரு கதவு திற — எழுதவில்லை. எழுத மாட்டேன்.

மூன்றாவது என்னுடையது இல்லை. புவாத் சேர் என் பக்கம் குனிந்து, “படத்த வேற ஆரும் புடிக்கலாம்தானே?” என்று கேட்டார்.

“மகன் மாட்டேங்கிறார் சேர்.”

“மகன் இல்லாட்டி?”

“வேற ஆரு சேர் இருக்கா?”

அவர் என் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தை நானே பிடிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “கல்யாணம் ஆகாத பொண்ணு, அடுத்தவங்க மாலப் படத்தக் கையில எடுக்கிறதா?” என்றார். அப்பா ரேடியோவைச் சற்று உயர்த்தி வைத்தார். வேண்டாம் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நான் எடுத்த எந்தப் படத்திலும் நான் இருந்ததில்லை. இதில் நின்றால், தயானிக்கு என்னைத் தெரியாது. அம்மாவுக்குப் பக்கத்தில், அம்மாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இவள் யார் என்று கேட்பாள். கேட்டால் போதும். பதில் வரும்வரை அந்த வீட்டுக்குள் இருப்பாள்.

அல்லது கேட்காமலே போய்விடுவாள். தனலெட்சுமியம்மா என் பக்கத்தில் நிற்கவே சம்மதிக்காமலும் போகலாம். இதற்கு மேல் எழுதினால் நான் பொய் சொல்ல வேண்டும். முடிவு உங்களிடம் இருக்கட்டும். என்னிடம் நாளை மட்டும் இருக்கிறது.

8

நாளை, வியாழன். காலை முதல் பஸ்ஸில் அப்புத்தளை, அங்கிருந்து ஹல்துமுல்லை. படத்தைப் பத்திரிகையில் சுற்றி எடுத்துப் போக வேண்டும், முகம் உள்பக்கமாக. கமராவை நிமலனிடம் கொடுத்து, எங்கே அழுத்துவது என்று காட்ட வேண்டும். மாலைப் படத்தை நான் பிடிக்க வேண்டும். அதற்கு முன், தனலெட்சுமியம்மாவிடம் கேட்க வேண்டும்.