நான்காவது கேள்வி

கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியும் அக்கா ஜன்னலோர நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பிட, குளிக்க, படுக்க மட்டும் எழுவாள். "முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல உக்காந்தது பத்தலையா உனக்கு?" என்று தங்கை கிண்டல் செய்வாள். அக்கா சிரிக்கக்கூட மாட்டாள்.

தங்கை சீருடை தைக்கும் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவள். தெருவுக்கே டைலரம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அத்தான் போன பிறகு அக்கா வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். அக்காவுக்கு எழுபத்து மூன்று, இவளுக்கு அறுபத்தெட்டு.

நகராட்சிக் கூடத்தில் முதியோருக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கியபோது டைலரம்மா அக்காவை இழுக்காத குறையாக அழைத்துப் போனாள். அன்று இரண்டே இடங்கள் மிச்சம். வகுப்பு நடத்துகிற டீச்சர் படிவங்களை நீட்டினாள். நான்காவது கேள்வி இப்படி இருந்தது: ஐம்பது வயதுக்குப் பிறகு, லேசாக விழுந்ததில் எலும்பு முறிந்ததுண்டா?

இரண்டு வருடம் முன்பு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். எலும்பின் வலுவைப் பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த வாரம்தான் அத்தான் படுக்கையில் விழுந்தார். ஸ்கேன் அப்படியே நின்றுபோனது.

'ஆம்' என்றால் ஸ்கேன் எடுத்து, டாக்டர் கடிதத்தோடு வர வேண்டும். ஒரு மாதம் போய்விடும். இடமும் போய்விடும். அக்கா மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அப்புறம் அவளைக் கிளப்ப முடியாது. டைலரம்மா 'இல்லை' கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள். கண்ணாடி கொண்டுவராத அக்கா கீழே கையெழுத்திட்டாள்.

டீச்சர் படிவத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டும் கேட்டாள். "அம்மா, எலும்பு எதுவும் உடைஞ்சதில்லையே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள் டைலரம்மா. அக்கா தங்கையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

எலும்பு பலவீனமானவர்கள் இடது பக்கம். அவர்கள் முதுகை வளைக்கக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது. மற்றவர்கள் வலது பக்கம். அக்கா வலது பக்கம் நின்றாள். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினாள். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் எண்ணும்போது எட்டுக்குப் பிறகு நேராகப் பத்துக்குத் தாவுவார். "பார்சல்லயும் இப்படித்தான் ஒண்ணொண்ணு காணாமப் போச்சா சார்?" என்று கேட்டுவிட்டு அக்காவே சிரித்தாள். மூன்றாவது வாரம் அவளே முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நான்காவது வாரம், உட்கார்ந்தபடி குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி. வலது பக்கத்தாருக்கு மட்டும். அக்கா குனிந்தாள். விரல் நுனி பட்டது. நிமிர முடியவில்லை. கத்தவுமில்லை. முகம் வெளுத்து, "என்னமோ விட்டுப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்புகள் நொறுங்கி அமுங்கியிருந்தன. இது எப்பவோ அரித்துப்போன எலும்பு, குனியவே விட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர்.

வெளியூரில் இருந்து அக்காவின் மகன் வந்தான். அடுத்த நாளே நகராட்சியில் புகார் கொடுத்தான். அங்கே படிவத்தைக் காட்டினார்கள். மருத்துவமனைக்கு வந்து சித்தியிடம் சொன்னான்.

"கையெழுத்து நடுங்குது, சித்தி. டிக் அழுத்தமா இருக்கு. அம்மா போட்டதே இல்ல. ஆள் சேக்கறதுக்கு அந்த டீச்சர் பொம்பளையே போட்டிருக்கா."

டைலரம்மா அக்காவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

அன்று மாலை டீச்சர் வார்டுக்கு வந்தாள். மகனைத் தாண்டி நேராக டைலரம்மாவிடம் போனாள்.

"அம்மா, நான் வாயால கேட்டேன்ல? நீங்கதான பதில் சொன்னீங்க? இவர்கிட்ட சொல்லுங்கம்மா."

டைலரம்மா கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

டீச்சரை வேலையில் இருந்து நிறுத்தினார்கள். வகுப்பும் நின்றது.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புரண்டு படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூச்சை இழுத்தால் வலித்தது. அதனால் பாதி மூச்சோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு மத்தியானம், மகன் மருந்து வாங்கப் போயிருந்தபோது டைலரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொல்லிடறேன் அவன்கிட்ட."

"சொல்லாதே."

"அந்தப் பொண்ணு பாவம்க்கா."

"பாவம்தான். ஆனா வீடு அவன் பேர்ல இருக்கு. உன்னை ஒரு நாள் வச்சிருக்க மாட்டான்." அக்கா மூச்சு வாங்கினாள். "நானும் அங்கதான நின்னேன். வாயைத் திறக்கலையே. எனக்கும் வகுப்புக்கு வரணும்னு இருந்துச்சு."

முதுகு முறிந்த நாற்பத்தோராவது நாள், ஆழ மூச்சு விடாமலே நெஞ்சில் சளி கட்டி அக்கா இறந்தாள்.

காரியங்கள் முடிந்த மறுநாள் டைலரம்மா நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். விசாரணை செய்த அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து, நடந்ததை எழுதச் சொன்னார். அரைப் பக்கம் எழுதினாள். கீழே கையெழுத்திட்டாள். பிறகு வீட்டுக்கு வந்து, அதையே மகனிடம் சொன்னாள்.

"அம்மா சாகற வரைக்கும் எங்கூட உக்காந்து சாப்பிட்டீங்களே சித்தி" என்றான். அப்புறம் வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரை நேரம் கொடுத்தான்.

டீச்சர் மேல் தப்பில்லை என்று உத்தரவு வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வகுப்பை வேறு யாரும் எடுத்து நடத்தவில்லை. இடது பக்கம் நின்றவர்களில் ஒரு அம்மாள் படியில் விழுந்து இடுப்பு முறிந்து கிடப்பதாகப் போஸ்ட்மாஸ்டர் சொன்னார்.

டைலரம்மா கடைக்குப் போனாள். டீச்சர் சட்டைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உத்தரவு வந்துச்சாமே. திரும்பிப் போகலையா?"

"போகல."

"நான் பண்ணது பெரிய தப்பும்மா."

டீச்சர் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தாள். "எங்க அம்மா என்னைக் கேட்டாங்க. நிஜமாவே நீதான் டிக் போட்டியான்னு. பெத்தவங்களே அப்படிக் கேட்டாங்க." அடுத்த சட்டையை எடுத்தாள். "அன்னைக்கு வார்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். இப்ப நீங்க எழுதிக் குடுத்தத வச்சு நான் என்ன பண்றது?"

வேறு ஒருவர் வந்து அளவு கேட்டார். டீச்சர் அவரிடம் திரும்பினாள். டைலரம்மா வழியை மறிக்காமல் ஒதுங்கி வெளியே வந்தாள்.